மடக்குக் கத்தியின் அலகைச் சட்ட அளவுக்குள் கொண்டுவருவது எப்படி

மடக்குக் கத்தியின் அலகு, சட்டம் அனுமதிக்கும் நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது அடிக்கடி நேர்வதுதான். ஓரிடத்தில் வாங்கி நெடுங்காலம் பயன்படுத்திய கத்தி, வேறொரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ குடிபெயரும்போது வரம்பைத் தாண்டிவிடுகிறது. சில சமயம் கத்தி இருந்த இடத்திலேயே இருக்க, சட்டம் மாறிவிடுகிறது. அதற்காக நல்ல கத்தியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முனை உடைந்த கத்தியைச் சீர்செய்யச் சாணை பிடிப்பவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலையைத்தான் இங்கும் செய்யப் போகிறோம்: முனையைப் பின்னுக்குத் தள்ளி, புதிய இடத்தில் புதிய முனையை உருவாக்குவது. பொறுமையுள்ள எவரும் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் தேய்த்தெடுத்த எஃகை மீண்டும் ஒட்டவைக்க முடியாது என்பதால், அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய யோசனையே இதில் பாதிக்கும் மேற்பட்ட வேலை.

இந்தக் கட்டுரையில் அலகு என்பது பிடிக்கு வெளியே நீளும் எஃகுப் பகுதி முழுவதையும், விளிம்பு என்பது அதில் கூர் தீட்டப்பட்ட பக்கத்தையும், முதுகு என்பது அதற்கு எதிர்ப்புறமுள்ள தடித்த பக்கத்தையும் குறிக்கும்.

சட்டம் எதை அளக்கிறது?

முதலில் உங்கள் பகுதியின் சட்ட வாசகத்தையே எடுத்துப் படியுங்கள். யாரோ சுருக்கிச் சொன்ன ஓர் எண்ணை மட்டும் நம்பி அலகைத் தேய்ப்பது தவறு, ஏனென்றால் எண்ணைச் சுற்றியிருக்கும் சொற்கள்தான் பல சமயம் முடிவைத் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவில், மடக்கும் பேனாக்கத்திக்கு ஒரு விலக்கு அளிக்கிறது. அதன் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை மிஞ்சினால் அந்த விலக்கு இல்லாமல் போகிறது. இங்கே அளக்கப்படுவது அலகன்று, விளிம்பு. சரியாக 3 அங்குலம் இருந்தால் அது மிஞ்சியதாகாது. அமெரிக்காவின் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குள் ஆயுதங்களைத் தடைசெய்யும் சட்டமோ, அலகு இரண்டரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும் பேனாக்கத்தியை மட்டுமே விட்டுவைக்கிறது. அங்கே சரியாக இரண்டரை அங்குலம் இருந்தாலும் விலக்கு கிடையாது. ஜப்பானில் அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டிய கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வது பொதுவாகக் குற்றம். ‘மிகாமல்’, ‘குறைவாக’, ‘அல்லது அதற்கு மேல்’ என்ற சிறு சொற்களைக் கவனிக்காமல் அளவுகோலை மட்டும் பார்ப்பவர், வரம்பின் மேலேயே தம் கத்தியின் முனையை நிறுத்திவிடக்கூடும்.

நீளம் மட்டுமே பேசப்படுவதும் இல்லை. இந்தியாவில் ஆயுத விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுள்ள கத்திகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. டெல்லியில் 1980ஆம் ஆண்டில் வந்த அறிவிக்கை 7.62 சென்டிமீட்டர் நீளத்தோடு 1.72 சென்டிமீட்டர் அகலத்தையும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. ஆகவே நீளத்தைக் குறைத்துவிட்டு அகலத்தை மறந்துவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, கத்தி திறக்கும் விதமும் பூட்டும். இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டு ஹாரிஸ் வழக்கில், திறந்ததும் பூட்டிக்கொண்டு, பூட்டை விடுவித்தால்தான் மடங்கும் கத்தி, அந்தச் சட்டத்தின் பார்வையில் மடக்குக் கத்தியே அன்று என்று தீர்ப்பாயிற்று. அத்தகைய கத்தியை ஓர் அங்குலமாகக் குறைத்தாலும் விலக்கு கிடைக்காது. ஜெர்மனியில் ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு, ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது. அவ்வகைக் கத்திக்கு அதில் நீள வரம்பே சொல்லப்படவில்லை. பொத்தானை அழுத்தியதும் வில் விசையால் பாயும் கத்திகள் பல நாடுகளில் எந்த நீளத்திலும் தடை செய்யப்பட்டவை. உங்கள் கத்திக்குத் தடையாக இருப்பது நீளம்தானா, வேறு ஏதேனுமா என்பது தெளிவாகாமல் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தேய்க்க வேண்டாம். வாசகம் புரியவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரிடமோ, ஆயுத உரிமம் வழங்கும் அலுவலகத்திலோ எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

பூட்டை நீங்களே கழற்றி ‘பூட்டில்லாக் கத்தி’யாக மாற்றும் யோசனை சிலருக்கு வரும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உண்மையிலேயே பூட்டில்லாத கத்தியில், முதுகுப் பக்கம் ஒரு வலுவான வில் இருந்து அலகை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையில் அந்த அழுத்தமே அலகைத் தாங்குகிறது. பக்கத் தகடு வளைந்து அலகின் அடியில் வந்து நிற்கும் வகைக் கத்தியில் அப்படி ஒரு வில்லே கிடையாது. அந்தத் தகட்டை வெட்டிவிட்டால் அலகைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே அது விரல்களின் மேல் மடங்கும். பூட்டுத்தான் பிரச்சினை என்றால், பூட்டில்லாமலே வடிவமைக்கப்பட்ட கத்தி ஒன்றை வாங்குவதே சரி. கட்டைவிரலால் தள்ளித் திறப்பதற்கான குமிழ் பிரச்சினை என்றால் அது வேறு விஷயம்: பெரும்பாலான கத்திகளில் அந்தக் குமிழ் திருகால் பொருத்தப்பட்டிருக்கும், கழற்றிவிடலாம். ஆனால் சில கத்திகளில் அதே குமிழ்தான் அலகு திறந்து நிற்க வேண்டிய இடத்தில் அதைத் தடுத்து நிறுத்துகிறது. திறந்த நிலையில் குமிழ் பிடியின் முன்விளிம்பைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டால் அதைக் கழற்றக் கூடாது.

அளப்பது

நீளத்தை அளக்க எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்கக் கத்தி மற்றும் கருவி நிறுவகம் பரிந்துரைக்கும் முறை, முனையிலிருந்து பிடியின் முன்கோடி வரை நேர்கோட்டில் அளப்பது. ஆனால் பிடியின் முன்பக்கம் வளைவாகவோ சரிவாகவோ இருந்தால், எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவது என்பதிலேயே நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். விளிம்பை மட்டும் அளக்கும் இடங்களிலும், நேர்கோட்டில் அளப்பதா, விளிம்பின் வளைவை ஒட்டி அளப்பதா என்ற கேள்வி எழலாம். வயிறு புடைத்த விளிம்பில் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இரா.

நான் கடைப்பிடிக்கும் வழி இது: சாத்தியமான எல்லா முறைகளிலும் அளந்து, அவற்றுள் எது மிக நீளமான விடையைத் தருகிறதோ அதையே உங்கள் கத்தியின் நீளமாகக் கொள்ளுங்கள். பிடியின் முன்பக்கத்தில் மிகவும் பின்வாங்கியிருக்கும் புள்ளியிலிருந்து முனை வரை வெர்னியர் காலிப்பரால் ஒருமுறை அளக்கவும். விளிம்பின் தொடக்கத்திலிருந்து முனை வரை, ஒரு காகிதப் பட்டையை வளைவின் மேல் ஒட்டினாற்போல் வைத்துக் குறித்து, அதை நிமிர்த்தி ஒருமுறை அளக்கவும். இவற்றுள் பெரியதும் வரம்புக்குள் அடங்கும்படி செய்துவிட்டால், யார் எப்படி அளந்தாலும் வாதாட வேண்டிய நிலை வராது. அதற்கும் மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைத்தே இலக்கை வையுங்கள். தெருவில் கையிலிருக்கும் மழுங்கிய அளவுகோலால் அளப்பவருக்கு உங்கள் காலிப்பரின் துல்லியம் இருக்காது. வரம்பு 76 மில்லிமீட்டர் என்றால் 73இல் நிறுத்துவது என் வழக்கம்.

விளிம்பு மட்டும் அளக்கப்படும் இடத்தில், அலகைக் குறைக்காமல் பிடியை ஒட்டிய விளிம்பைச் சில மில்லிமீட்டர் மழுக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வாசகத்தின்படி அது வாதமாக நிற்கக்கூடும். ஆனால் மழுங்கிய அந்தப் பகுதி விளிம்பா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர் என்பதால், அதை நம்பிக் கத்தியைப் பையில் போடுவதை நான் விரும்பமாட்டேன்.

செய்யத் தகுந்த கத்திதானா?

5 அல்லது 6 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் செய்யலாம். 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அலகின் வடிவமே வேறாகிவிடும். முனைப்பகுதி தடித்து, நுட்பமான வேலைக்கு உதவாததாகிவிடும். அந்நிலையில் சிறிய கத்தி ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். தாத்தாவின் கத்தி, சேகரிப்பாளர்கள் தேடும் பழைய கத்தி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவை வீட்டிலேயே இருக்கட்டும். அலகைத் தேய்த்த கத்திக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது, மறுவிற்பனையிலும் விலை இறங்கும். கறுப்புப் பூச்சுள்ள அலகில் தேய்த்த இடத்தில் மட்டும் வெள்ளை எஃகு தெரியும்.

பூட்டில்லாத வில் கத்திகளில் நகத்தால் பற்றித் திறப்பதற்காக அலகில் ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் முதுகை ஒட்டி, முனைக்குப் பக்கமாகவே அமைந்திருக்கும். நீங்கள் தேய்க்கப் போகும் பகுதி அந்தப் பள்ளத்தைத் தொட்டால், வேலை முடிந்தபின் கத்தியைத் திறக்கவே வழி இருக்காது. முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

முதுகிலிருந்து தேய்ப்பது ஏன்?

அலகைக் குறைக்க மூன்று வழிகள் தோன்றும். முனையைக் குறுக்கே நேராக வெட்டிவிடலாம். விளிம்புப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தேய்க்கலாம். முதுகிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாகத் தேய்க்கலாம். மடக்குக் கத்திக்கு மூன்றாவது மட்டுமே பொருத்தமானது. காரணத்தைக் கத்தியை மடக்கிப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். மடக்கிய நிலையில் விளிம்பு பிடியின் இடுக்குக்குள் ஒளிந்திருக்கும், முதுகு வெளியே தெரியும். முனையும் விளிம்பின் பக்கமாகத் தாழ்ந்து பிடிக்குள் இருப்பதால்தான் சட்டைப்பைக்குள் கை விடும்போது குத்தாமல் இருக்கிறது. விளிம்புப் பக்கத்திலிருந்து தேய்த்தால், புதிய முனை முதுகின் மட்டத்துக்கு ஏறிவிடும். மடக்கியபின் அது பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். குறுக்கே வெட்டினால் முதுகின் ஓரத்தில் ஒரு கூரான மூலை எழுந்து நிற்கும்.

முதுகிலிருந்து சரிவாகத் தேய்க்கும்போதோ, புதிய முனை பழைய விளிம்பின் மேலேயே உள்ள ஒரு புள்ளியில் அமைகிறது. அந்தப் புள்ளி முன்பே மடக்கிய நிலையில் பிடிக்குள் பத்திரமாக இருந்ததுதான். ஆகவே புதிதாக எங்கும் நீட்டிக்கொள்ளவும் செய்யாது, பிடியின் உள்பகுதியில் இடிக்கவும் செய்யாது. விளிம்பில் கூர் அப்படியே இருப்பதால் முழு அலகையும் மறுபடி தீட்ட வேண்டிய வேலையும் மிச்சமாகிறது. விளிம்பு ஓரளவு நேராகவும், முதுகு முன்னோக்கிச் சரிந்து அதைச் சந்திப்பதுமான இந்த வடிவம், கடலோடிகள் கயிறு அறுக்கப் பயன்படுத்திய கத்திகளில் வெகுகாலமாக இருந்துவருவது. குத்துவதற்கு உகந்ததாக இல்லாத தோற்றமே இதற்கு இருப்பதும் பொது இடத்தில் எடுத்துச் செல்பவருக்கு நல்லதுதான்.

கழற்றுதலும் குறித்தலும்

திருகுகளால் இணைக்கப்பட்ட கத்தி என்றால் அலகைத் தனியே எடுத்துவிடுங்கள். இவற்றில் பெரும்பாலும் டி6, டி8 அளவு டார்க்ஸ் திருகுகள் (தலையில் ஆறுமுனை நட்சத்திர வடிவப் பள்ளம் உள்ளவை) இருக்கும். திருகில் பூசப்பட்ட ஒட்டுப் பசை இறுகியிருந்தால் வலுவாகத் திருகி அதன் தலையைச் சிதைத்துவிடாமல், சாலிடரிங் அயனின் முனையைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைத்துப் பசையை இளக்கிய பின் திருப்புங்கள். அச்சைச் சுற்றியுள்ள வளையங்களும், சில கத்திகளில் இருக்கும் நுண்ணிய மணிகளும் உருண்டோடிவிடும் என்பதால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் கழற்றி, எது எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்து இணைத்த கத்தியைக் கழற்ற முயல வேண்டாம். அதைத் திறந்த நிலையிலேயே வைத்து, பிடியின் இடுக்கையும் மூட்டையும் மாஸ்கிங் டேப்பால் நன்றாகச் சுற்றி மூடிவிட்டால் எஃகுத் தூள் உள்ளே போகாது.

விளிம்பின் மேல் முழு நீளத்துக்கும் இரண்டு மூன்று அடுக்கு டேப்பை ஒட்டுங்கள். பிறகு, அலகின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் மை பூசி, அது காய்ந்ததும் இலக்கு நீளத்தை விளிம்பின் மேல் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து முதுகு வரை ஒரு சரிவான கோடு இழுங்கள். ஊசிமுனையால் கீறினால் மையின் ஊடே மெல்லிய வெள்ளிக் கோடு தெளிவாகத் தெரியும். சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்பது அலகின் அகலத்தைப் பொறுத்தது. முதுகில் அதிகம் பின்னால் போய்த் தொடங்கினால் முனை மெலிந்து எளிதில் முறியும். முனைக்கு மிக அருகில் தொடங்கினால் அலகின் மூக்கு மொட்டையாகத் தோன்றும். நேர்கோட்டைவிட, சற்றே குவிந்த வளைவு கண்ணுக்கும் அழகு, முனைக்கும் பலம். வரைந்தபின் அலகைப் பிடியில் பொருத்தி, மறுபடி அளந்து பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

தேய்த்தல்

கத்தி எஃகு கடினப்படுத்தப்பட்டது. சாதாரண அரம் அதன் மேல் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்; அரத்தின் பற்கள்தான் பாழாகும். வைர அரம், அல்லது 120 முதல் 220 வரை எண்ணுள்ள கரடான சிலிக்கான் கார்பைடு கல், இவற்றுள் ஒன்று போதும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அசையாதபடி ஈரத்துணியின் மேல் வைத்து, அலகின் முதுகைக் கீழ்நோக்கிப் பிடித்து, கோட்டின் சாய்வுக்கு இணையாக முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. மெதுவாகப் போகும் வேலை என்பதுதான் இதன் சிறப்பு: எஃகு சூடாவதற்கே வாய்ப்பில்லை, கை தவறினாலும் இழப்பு மிகச் சிறிது. ஒவ்வொரு பத்து இருபது தேய்ப்புக்கும் ஒருமுறை நிறுத்தி, தேயும் முகம் அலகின் பக்கங்களுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கை ஒருபக்கம் சாயும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அலகை அவ்வப்போது திருப்பிப் பிடித்துத் தேய்த்தால் அந்தச் சாய்வு சமனாகிவிடும்.

அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் இயந்திரம் தேவைப்படலாம். சிறு சுழல் கருவியில் வெட்டு வட்டைப் பொருத்தியோ, மேசைச் சாணையிலோ கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே வரை எடுத்துவிட்டு, மீதியைக் கல்லில் முடிக்க வேண்டும். பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடியும், தூசு வடிகட்டும் முகக்கவசமும் இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள். கையுறை அணிந்துகொண்டு சுழலும் சாணையருகே போகவும் கூடாது. அது சிக்கினால் கையையும் உள்ளே இழுத்துவிடும். அலகை வைஸில் (பற்றிறுக்கியில்) இறுக்கும்போது இருபுறமும் மரத்துண்டோ தோலோ வைத்து இறுக்குங்கள்.

இயந்திரத்தில் எதிரி சூடுதான். கத்தி எஃகு அதன் கடினத்தையும் உறுதியையும் பெறுவது, காய்ச்சித் துவைச்சல் கொடுத்து (அதாவது சட்டென்று குளிர்வித்து), மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதால். அந்தப் பதத்தின் வெப்பநிலையை மீறிச் சூடானால், மீறிய இடம் இளகிவிடும். அதன் பின் அங்கே எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சாதாரண கார்பன் எஃகில் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் படரும். துருப்பிடிக்காத எஃகில் இந்த நிறங்கள் இன்னும் உயர்ந்த வெப்பநிலையில்தான் தோன்றுகின்றன. ஆகவே நிறம் மாறவில்லை என்பதைக் கொண்டு தைரியம் கொள்ளாதீர்கள். உங்கள் விரலே நம்பகமான வெப்பமானி: தேய்க்கும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் வெறும் விரலால் அலகைப் பற்றியிருங்கள், சுடுகிறது என்று தோன்றும் கணமே தண்ணீரில் தோயுங்கள். சாணையை இரண்டு மூன்று நொடிகள் மட்டும் தொட்டு, உடனே தோய்த்து, மறுபடி தொடுவது என்ற ஒழுங்கைக் கடைசிவரை விடாதீர்கள். வேலை முடியும் தறுவாயில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். முனை மெல்லியதாக ஆக ஆக, சூடு பரவிப்போக இடமின்றி அங்கேயே தேங்கும். முனையில் நீலம் படர்ந்துவிட்டால் அந்தப் பகுதியைக் குளிரக் குளிரத் தேய்த்து எடுத்துவிடுவது தவிர வேறு வழியில்லை.

கோட்டைத் தொட்டதும் நிறுத்தி அளவெடுங்கள். பிறகு 220, 400, 600, 1000 என்ற வரிசையில் நீர் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்து, முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்தபின் அடுத்ததற்குப் போங்கள். கீறல்களில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. முதுகின் இரு ஓரங்களையும் 400 தாளால் லேசாக மழுக்கிவிட்டால் விரலுக்கு இதமாக இருக்கும்.

புதிய முனையைச் சீர்செய்தல்

பழைய முனை மெல்லியதாக இருந்திருக்கும், ஏனென்றால் அலகு முன்னோக்கிப் போகப் போக மெலிகிறது. அதைப் பின்னுக்குக் கொண்டுவந்ததால் புதிய முனை தடித்திருக்கும். காய்கறியின் கண்ணைத் தோண்டவோ, உறையின் ஓரத்தைப் பிரிக்கவோ அது இடறும். இதைச் சரிசெய்ய, புதிய சரிவின் இரு பக்கங்களிலும் ஒரு சாய்வு கொடுத்து முதுகை மெலியச் செய்யலாம். ஆனால் அந்த முதுகில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத தட்டை முகம் கட்டாயம் மிஞ்ச வேண்டும். இரு பக்கச் சாய்வுகளும் சந்தித்துக் கூராகிவிட்டால், கத்தி இருபுறமும் விளிம்புள்ளதாகிவிடும். பல சட்டங்களில் இருபக்கக் கூருள்ள கத்தி குத்துவாளாகக் கருதப்படுகிறது. நீளத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் செய்த வேலையே கத்தியை இன்னும் கடுமையான வகையில் சேர்த்துவிடக் கூடாது.

தேய்த்ததில் முனையின் விளிம்பில் மெல்லிய பிசிறு எழுந்திருக்கும். டேப்பை உரித்துவிட்டு, நுண்ணிய கல்லில், விளிம்பின் பழைய கோணத்தையே பின்பற்றி இருபுறமும் சில மெல்லிய தீட்டல்கள் கொடுத்தால் போதும். மடக்குக் கத்திகளில் அந்தக் கோணம் பொதுவாகப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும். கோணம் தெரியவில்லை என்றால் விளிம்பில் மார்க்கர் மை பூசி ஒருமுறை தீட்டிப் பாருங்கள்: மை விளிம்பின் நுனியில் மட்டும் அழிந்தால் கை உயர்ந்திருக்கிறது, மேல்பக்கம் மட்டும் அழிந்தால் தாழ்ந்திருக்கிறது, முழுவதும் அழிந்தால் சரியாக இருக்கிறது. கடைசியில் தோல்பட்டையில் முதுகு முன்செல்லும்படி சில முறை இழுத்துவிடுங்கள்.

பொருத்திச் சோதித்தல்

எல்லாப் பாகங்களையும் சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்த்துங்கள். கழற்ற முடியாத கத்தியில் டேப்பை எடுத்தபின், மூட்டில் மெல்லிய எண்ணெயை நிறைய விட்டுப் பலமுறை திறந்து மூடினால் உள்ளே புகுந்த கறுந்தூள் எண்ணெயோடு வெளியேறும். எண்ணெய் தெளிவாக வரும்வரை துடைத்துத் துடைத்துச் செய்யுங்கள். கழற்றிய கத்தியில் அச்சில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். அச்சுத் திருகை இறுக்கும்போது, அலகு பக்கவாட்டில் ஆடாமலும், திறக்கும்போது உராய்ந்து நிற்காமலும் இருக்கும் இடத்தைத் தேடிக் கால் திருப்பம் கால் திருப்பமாகச் சரிசெய்யுங்கள்.

பூட்டுள்ள கத்தியென்றால், அலகின் முதுகில் உள்ளங்கையால் மிதமாக அழுத்திப் பாருங்கள். அது அசையக் கூடாது. விரல்களை விளிம்பின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பிறகு கத்தியை மடக்கி, ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து, அலகு உட்கார்ந்திருக்கும் இடுக்கின் மேல் முழு நீளத்துக்கும் மெதுவாகத் தடவுங்கள். எங்காவது ஒரு நூலிழை பஞ்சு சிக்கினால் அங்கே முனையோ, மழுங்காத ஓர் ஓரமோ வெளியே நிற்கிறது என்று பொருள். ஓரம் என்றால் உப்புத்தாளால் மழுக்குங்கள். முனையேதான் என்றால், முதுகுச் சரிவை இன்னும் சிறிது தேய்த்து அதைத் தாழ்த்துங்கள். வில் கத்தியில் அலகின் அடியில் வில்லின் மேல் அமர்வதற்காக விடப்பட்ட சிறு மேட்டைத் தேய்த்தும் அலகைத் தாழ்த்தலாம். ஆனால் சிறிதளவுக்கு மேல் எடுத்தால் விளிம்பு வில்லில் இடித்து மழுங்கும் என்பதால், முதுகுச் சரிவையே முதலில் முயல்வது நல்லது.

இறுதியாக, தொடக்கத்தில் அளந்த எல்லா முறைகளிலும் மறுபடி அளந்து, அளவுகோலை அலகின் பக்கத்தில் வைத்து நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் சட்டப்படி எதையும் நிரூபிக்காது, ஆனால் கேள்வி எழும்போது நீங்கள் அக்கறையோடு அளந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டும். விமான அறைக்குள்ளும், பள்ளி வளாகம், நீதிமன்றம் போன்ற இடங்களிலும் தனி விதிகள் உண்டு. பொதுச் சாலைக்கான அளவுக்குள் வந்த கத்தி அங்கும் செல்லும் என்று கொள்ள வேண்டாம். தேய்த்த சரிவில் முதல் சில வாரங்களுக்கு அவ்வப்போது ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவாருங்கள்; கார்பன் எஃகு என்றால் புதிதாகத் திறந்த முகத்தில்தான் துரு முதலில் எட்டிப் பார்க்கும்.